தூங்குகிற அப்பன்

"அம்மா, இந்த ஆளுக்கு எதுக்குங்க குழந்தையக் காட்டணும்? வரான், வேப்பமரத்தடியில துண்ட மூஞ்சில போட்டுக்கினு தூங்கறான். சாப்டியான்னுகூட கேக்கறதில்ல. ரத்து பண்ணுங்க!"

கள்ளக்குறிச்சி கோர்ட்டில் கண்ணகி போட்ட சத்தத்துக்கு வக்கீல்களே திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. விவாகரத்துக்குப் பிறகு மாதம் ஒரு நாள், கோர்ட் வளாகத்தில் இரண்டு மணி நேரம் மகளைப் பார்க்கலாம் என்று மாயவனுக்கு உத்தரவு. அதற்காக வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்து படுத்துக்கொள்கிறான். நல்ல அப்பன்!

நீதிபதி அம்மாவுக்கும் எரிச்சல்.

"அவங்க சொல்றது உண்மையா?"

"நெசந்தாங்க." மாயவன் தலையைக் குனியவே இல்லை.

"அப்போ குழந்தையை யார் பாத்துக்கறாங்க?"

அவன் ஜன்னல் பக்கம் கை காட்டினான். மரத்தடியில் ஒருத்தி குழந்தையை மடியில் வைத்து சாமைச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

நீதிபதிக்கு அடையாளம் தெரிந்தது. ஜெயம்மாள். புருஷனும் பொண்டாட்டியும் மிளகு பறிக்கக் கேரளா போயிருந்த வருஷங்களில் குழந்தையை வளர்த்த பக்கத்து வீட்டுக்காரி. பார்க்க அனுமதி கேட்டு அவள் போட்ட மனுவை, 'பெற்றவளும் இல்லை, உறவும் இல்லை' என்று தள்ளுபடி செய்தவர் இவர்தான்.

"உன் உரிமையை இன்னொருத்தருக்குத் தூக்கிக் கொடுக்க சட்டத்துல இடமில்லப்பா."

"குடுக்கலீங்களே. அப்பன் கூட இருக்கணும்னு போட்டிருக்கீங்க. நான் பக்கத்துலதான படுத்துக்கினு இருக்கேன்?"

"திமிரப் பாத்தீங்களா!" என்றாள் கண்ணகி.

"ஆமா, திமிருதான். நம்ம ரெண்டு பேரும் ஊர்ல இல்லாதப்ப, காய்ச்சல்ல கெடந்த புள்ளைய தோள்ல போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு நடந்தது இன்னா நீயா, நானா? புள்ள மொதல்ல அம்மான்னு கூப்புட்டது யார? இன்னிக்கு அவங்க யாரோ ஆயிட்டாங்களா?"

கண்ணகி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"சரிப்பா, இருக்கட்டும்" என்றார் நீதிபதி. "அதுக்காக நீ தூங்கணுமா? பெத்த மகளைப் பாக்க உனக்கு ஆசையே இல்லையா?"

மாயவன் அப்போதுதான் தலையைக் குனிந்தான்.

"தூங்கறதில்லீங்கம்மா. நான் முழிச்சிக்கினு இருக்கறதப் பாத்தா புள்ள ஓடியாந்து என் மேல ஏறிக்கும். அப்பறம் அவங்களுக்கு நேரம் கம்மியாயிடுமேங்க."