பக்கத்துக் காம்பிராச் சத்தம்

தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பிராவில் மறுபடியும் தகரம் அதிர்ந்தது.

ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த காளியாயி, கையில் மாவோடு எழுந்துவிட்டாள். இன்றைக்கு அந்த நல்லமுத்துவை விடுவதில்லை.

ஒரு காலத்தில் அவன் லயத்தில் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது, அவ்வளவு சாது. மகள் பிறந்ததிலிருந்துதான் இந்தக் கூத்து. வேலை முடிந்து வந்தால் கதவைப் படாரென்று சாத்துவான். வாளியை உருட்டுவான். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையின் தலைமாட்டிலேயே நின்று தட்டைத் தட்டுவான்.

பெண்டாட்டி நாகலெட்சுமி ஒரு வார்த்தை கேட்பதில்லை. மாசமாக இருந்தபோது அம்மை வந்து, உடம்பெல்லாம் சிவந்து படுத்துக் கிடந்தவள். எப்படியோ தேறி, டிக்கோயா ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பெற்று வந்தாள். அவளுக்கு வாய்த்த புருஷன் இப்படி. கசிப்புச் சாராயம் குடிக்கிறான் என்று லயம் முழுக்கச் சொல்லிவைத்தவள் காளியாயிதான்.

நல்லமுத்து பீலிக் குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனான். அங்கேயே போய் மடக்கினாள்.

"குடிக்கிறதுன்னா குடிச்சிட்டுப் போ. பச்சப்புள்ள காதுகிட்ட என்னா அடி அடிக்கிற? நாளைக்கே தோட்டத் தலைவருகிட்ட சொல்லிப்புடுவேன்."

அவன் வாளியை வைத்துவிட்டு லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மெதுவாப் பேசுங்கக்கா. நான் குடிக்கிறதே இல்ல."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். மாசமாக இருக்கும்போது தாய்க்கு அந்த அம்மை வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளுமாம். சில பிள்ளைகளுக்குக் காது கேட்காமல் போகுமாம். பிறந்தபோது கேட்டாலும் பின்னால் மந்தமாகலாமாம். சத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டே இரு, சந்தேகம் வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வா என்றாராம்.

"இத அவகிட்ட சொல்லலையா?"

"எப்பிடிக்கா சொல்றது? என்னாலதான் புள்ளைக்கு இப்பிடின்னு அழுதே கரைஞ்சிருவா. அதான், நான் முரடன்னு பேரு எடுத்தாப் பரவாயில்லன்னு விட்டுட்டேன்."

காளியாயி குரலைத் தாழ்த்தினாள். "புள்ளைக்குக் கேக்குதா?"

"இப்பத்தான் தட்டுனேன். திரும்பிப் பாத்து சிரிக்குதுக்கா." அவன் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள், தான் பரப்பிய பேச்சைக் காளியாயியே வாசல் வாசலாகப் போய் அழித்துவிட்டு வந்தாள். அவன் குடிக்கிறவன் இல்லை, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றாள். காரணம் கேட்டவர்களிடம் வாயைத் திறக்கவில்லை. காளியாயி வாயை மூடிக்கொண்டதே லயத்துக்குப் பெரிய அதிசயமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நல்லமுத்து அட்டனுக்குச் சாமான் வாங்கப் போய்விட்டான். ஒரு நாள்கூடத் தட்டிப் பார்ப்பது தவறிவிடக் கூடாதே என்று காளியாயிக்குப் பட்டது. சட்டி மூடியையும் கரண்டியையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, உப்பு கேட்கிற சாக்கில் உள்ளே நுழைந்தாள். நாகலெட்சுமி அந்தப் பக்கம் திரும்பி உப்பு அள்ளும்போது தொட்டிலருகே நின்று ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

பிள்ளை கை காலை உதறிக்கொண்டு சிரித்தது.

"கை தவறிருச்சும்மா" என்று அசடு வழிந்தாள் காளியாயி.

நாகலெட்சுமி உப்பைக் கொடுத்துவிட்டு, அவள் தோளைத் தொட்டு மெல்லத் தொட்டிலின் மறுபக்கம் நகர்த்தினாள்.

"இந்தப் பக்கம் நின்னு தட்டுங்கக்கா. நீங்க தட்டுன அந்தக் காது நல்லாக் கேக்குது, நான் தெனமும் தட்டிப் பாக்குறேன். ஆஸ்பத்திரியில நர்ஸம்மா அப்பவே எல்லாம் சொல்லிட்டாங்க. அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க, தாங்கமாட்டாரு."