வானம் தெரியும் இடம்

“போனை நெஞ்சோட அணைச்சுப் பிடிக்காதே, தட்டையாப் பிடி. மரத்தடியில நிக்காதே, வானம் தெரியுற இடத்துக்கு வா. சிக்னல் நிலைக்குற வரைக்கும் அசையாதே!” என்று மனைவிக்கு உத்தரவு போட்டார் கணவர்.

பூங்காவில் ஒளித்திருக்கும் டப்பாவை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு அது. குழுவில் ஒருவருக்கும் கிடைக்காததால், ‘சாட்டிலைட் சார்’ என்று பெயர் வாங்கிய கணவரே மனைவியோடு களத்தில் இறங்கியிருந்தார்.

போன் காட்டிய இடத்துக்கு வந்தார்கள். வெறும் சிமென்ட் தரை.

“இது கார் நிறுத்துற இடமாச்சே! இங்கே எங்கேங்க டப்பா இருக்கும்?” என்றாள் மனைவி.

“அவங்களுக்குத்தான் போனைப் பிடிக்கத் தெரியலைன்னு எல்லாரையும் திட்டினேன். எனக்கும் இதே இடத்தைத்தான் காட்டுது!”

“போன் சரியாத்தான் காட்டுது. டப்பாவை ஒளிச்சவர்தான் இடத்தைத் தப்பாக் குறிச்சிருக்கார். ஒளிச்சது நீங்கதானே, அன்னிக்கு எங்கே நின்னு குறிச்சீங்க?”

சாட்டிலைட் சார் தலையைச் சொறிந்தார்.

“மரப்பொந்துல வெச்சதுமே மழை பிடிச்சுக்கிச்சு. ஓடி வந்து காருக்குள்ள உட்கார்ந்துதான்...”

“ஊருக்குத்தான் உபதேசமா? எந்த மரம்னாவது ஞாபகம் இருக்கா?”

பூங்கா முழுக்க நின்ற மரங்களைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“ஜிபிஎஸ் இருக்கும்போது அதை எதுக்கு ஞாபகம் வெச்சுக்கணும்னு விட்டுட்டேன்.”