மேஜரின் ஏழாம் பாகம்

தன் வாழ்க்கையின் முதல் திருட்டுக்குப் பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியைத் தேர்ந்தெடுத்திருந்தார். கிளினிக்குக்கு விடுமுறை. சட்டையைக்கூட இஸ்திரி போட்டுத்தான் மாட்டியிருந்தார்.

குறி ஒரு புத்தகம். ஓய்வு பெற்ற மேஜர் ஒருவர் எழுதிய போர் வரலாறு அது. மொத்தம் ஏழு பாகம். எப்போதோ அச்சாகி, சூட்டோடு சூடாக மறக்கப்பட்டது. பழைய புத்தகக் கடைகளில் மூட்டை மூட்டையாகக் கிளறி, தும்மித் தும்மி, எட்டு வருஷத்தில் ஆறு பாகங்களைச் சேர்த்துவிட்டார் டாக்டர். ஏழாவது மட்டும் எங்கேயும் அகப்படவில்லை.

"அதுவா சார்? கண்ணால பார்த்ததே இல்ல" என்று எல்லாக் கடைக்காரர்களும் கையை விரித்தார்கள்.

அவ்வளவு அபூர்வமா என்று டாக்டருக்கு வெறியே பிடித்துவிட்டது.

கடைசியில் மேஜருக்கே கடிதம் எழுதினார். ஆறு பாகங்களையும் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருப்பதையும், சொந்த மச்சானுக்குக்கூட இரவல் தராததையும் பெருமையாக எழுதி, ஏழாவதைத் தமக்கு விற்கும்படி கெஞ்சியிருந்தார். பதில் ரத்தினச் சுருக்கமாக வந்தது. ‘விற்பதற்கில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்தால் பார்க்கலாம்.’

"சும்மா பார்த்துட்டு வந்துடுவீங்களா நீங்க?" என்று சந்தேகமாகக் கேட்டாள் மனைவி. கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த அந்த அலமாரியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"ரெண்டாம் பாகம், மூணாம் அத்தியாயம்" என்றார் டாக்டர். "எடுத்த இடத்துல பொம்மையை நிறுத்து. எதிரி கண்ணுக்கு எண்ணிக்கை குறையாது."

பொம்மை பைக்குள் தயாராக இருந்தது. அதே பருமன், அதே பச்சை அட்டை. உள்ளே ஈறு நோய்கள் பற்றிய பழைய பாடப்புத்தகம்.

மேஜருக்கு எண்பது வயதிருக்கும். முதுகு மட்டும் இன்னும் அணிவகுப்பில் நின்றது.

"வாங்க டாக்டர், உக்காருங்க. வீட்டுக்காரி ஒரு வேலையா வெளிய போயிருக்கா. டீ நானேதான் போடணும், கொஞ்சம் பொறுத்துக்குங்க."

சுவரோரமாகப் போர்வை விரித்த நீளமான இருக்கை இருந்தது. டாக்டர் உட்கார்ந்தார். பாறை மாதிரி இருந்தது. பட்டாளத்துக்காரர் வீட்டில் பஞ்சு மெத்தையா கிடைக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

எதிரே சின்ன அலமாரியில், பதக்கங்களுக்குப் பக்கத்தில், ஏழாம் பாகம் தனியாக நின்றது. சமையலறையில் மேஜர் பாத்திரங்களோடு ஒரு போரே நடத்திக்கொண்டிருந்தார். டாக்டர் பையோடு எழுந்து அலமாரிப் பக்கம் போனார். வேலை அரை நிமிஷத்தில் முடிந்தது. ஏழாம் பாகம் பைக்குள், ஈறு நோய் அலமாரியில்.

டீ வந்தது. கூடவே போர்க்கதையும் வந்தது. டாக்டர் எழுந்தபோதெல்லாம், "இருங்க டாக்டர், இன்னொரு டீ" என்று பிடித்து உட்காரவைத்தார் மேஜர். பேச ஆளில்லாத மனுஷன் போலிருக்கிறது, இவரிடமா கைவரிசையைக் காட்டினோம் என்று டாக்டருக்கு வெட்கமாகக்கூட இருந்தது. புத்தகத்தைத் திருப்பி வைக்கிற அளவுக்கு இல்லை.

மூன்றாவது டீயின்போது போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. மேஜர் உடனே எழுந்தார்.

"சரி டாக்டர், ரொம்ப நேரம் பிடிச்சு வச்சுட்டேன். கிளம்புங்க."

அலமாரிப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் காற்றில் மிதந்து வீடு வந்து சேர்ந்தார்.

மனைவி வாசலிலேயே நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏன் இவ்வளவு நேரம்? மேஜரம்மா வந்துட்டுப் போயே அரை மணி ஆச்சு."

"எந்த மேஜரம்மா?"

"நீங்க பார்க்கப் போனவரோட வீட்டம்மாதான். ஏழாவதை நீங்க எடுத்துக்கிட்டு, பதிலுக்கு ஆறையும் குடுக்கறதா பேசிட்டீங்களாமே? நானே அலமாரியைத் திறந்து, கார்ல ஏத்தி விட்டேன். இனிமேலாவது கூடத்துல காத்து வரட்டும்."

டாக்டர் உள்ளே ஓடினார். அலமாரி துடைத்து வைத்தாற்போல் காலி. மனைவி அதற்குள் அங்கே ஒரு பூ ஜாடியையும் வைத்துவிட்டிருந்தாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்து ஏழாம் பாகத்தைப் பிரித்தார். முதல் பக்கத்தில் நீல மையில், வரிசை பிசகாத கையெழுத்து.

‘டாக்டருக்கு. மறுபதிப்புக்கு ஏழு பாகமும் கேட்கிறார் பதிப்பாளர். முதல் ஆறில் என்னிடம் ஒரு பிரதிகூட மிச்சமில்லை. கேட்டாலும் நீங்கள் தரமாட்டீர்கள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஐந்தாம் பாகம், முதல் அத்தியாயம்: கோட்டையைக் காக்கும் எதிரியை ஆசை காட்டி வெளியே வரவழை. இந்த ஏழாவதைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் அது கிடைக்காததற்குக் காரணம், அன்றைக்கு அதை ஒருவரும் வாங்கவில்லை.

நீங்கள் உட்கார்ந்து டீ குடித்தது, அதன் மீதி நானூறு பிரதிகளின் மேல்.’