மாமியாரை அனுப்பியாச்சு

"ஏறுங்க அத்தே, பஸ்ஸு போயிடும்."

வாசலில் ஆட்டோ நின்றது. வெனிலாவின் இடுப்பில் குழந்தை ஜெர்லின். கையில் மாமியாரின் துணிப்பை.

சூசை மேரி அசையவில்லை. இதயக் குழாயில் அடைப்பு நீக்கி, ஸ்டென்ட் வைத்து, போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள்.

"எங்கேம்மா என்னை இட்டுக்கினு போற?"

"விழுப்புரத்துக்கு அந்தாண்ட. எடம் பேசி வெச்சிட்டேன்."

எதிர்வீட்டு காந்திமதி ஓடி வந்தாள்.

"இன்னா வெனிலா, நெஞ்சு நோவுக்காரிய முதியோர் ஹோமுல தள்ளப் போறியா? நல்லா இருப்பியா நீ?"

"நல்லாத்தான் இருப்பேன்க்கா. கொஞ்சம் வழி விடுங்க."

மாமனார் பாக்கியராஜ் கட்டிலில் சாய்ந்தபடியே கத்தினார்.

"டேய் அருணு! உம் பொண்டாட்டி பண்றதப் பாத்தியா? எனக்கு யாருடா கேப்பைக் கூழு காச்சறது?"

ரெண்டு வருஷம் முன்னால் அவருக்கும் இதே ஸ்டென்ட்தான். அன்றைக்குச் சாய்ந்த கட்டில். இன்னமும் மாத்திரையும் வெந்நீரும் அவர் கைக்கே போகும். கொண்டுபோய்க் கொடுப்பது சூசை மேரி.

அருண் ஆட்டோவை மறித்தான்.

"எங்கம்மாடி அது! ஊரே காறித் துப்பும்."

"துப்பட்டும். காலைல கொடத்தோட படியில குந்திக்கினு நெஞ்சப் புடிச்சாங்களே, நீங்க பாத்தீங்களா? பொம்பளைங்கதான் மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்து படுக்கறாங்கன்னு டாக்டரு சொன்னாரு. இன்னொருவாட்டி நோவு வந்தா உசுருக்கே ஆபத்துன்னாரு. கைப்புள்ளய வெச்சிக்கினு என்னால ஆவாது."

மாமியாரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு அவளும் ஏற, ஆட்டோ அருணைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது.

பஸ்ஸில் சூசை மேரி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்? இனிமே நீ அடுப்பாண்டகூட வர வேணாம். சோறாக்கறது, தண்ணி எடுக்கறது, துணி தொவைக்கறது எல்லாம் நானே பாத்துக்கறேன். திரும்பப் போயிடலாம்மா."

வெனிலா மாத்திரையைப் பிரித்து நீட்டினாள்.

"மொதல்ல இத்தப் போடுங்க. மத்தவங்க சாப்பிட்டு முடிக்கட்டும்னு நீங்க காத்துக்கினு இருந்து, நேத்து இதயே மறந்துட்டீங்க."

விழுப்புரம் தாண்டி மண்டகப்பட்டில் இறங்கி நடந்தார்கள். ஒரு ஓட்டு வீட்டின் முன்னால் வெனிலா நின்றதும் சூசை மேரி திகைத்துப்போனாள். பேத்தி பிறந்தபோது பார்க்க வந்த வீடு.

"இது... உங்கம்மா வீடாச்சே?"

உள்ளேயிருந்து லூர்துமேரி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள்.

"வாங்க சம்பந்தி. கட்டிலு போட்டு வெச்சிருக்கேன். படுங்க. அடுப்பாண்ட கால வெச்சீங்க, கரண்டியாலயே போடுவேன்!"

"ஆமா அத்தே," வெனிலா சிரித்தாள். "ஜெர்லினப் பெத்துட்டு மூணு மாசம் நான் படுத்துக் கெடந்த கட்டிலு. எனக்கும் இதே மெரட்டல்தான்."

சூசை மேரி கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். உட்காரத் தெரியாதவள்போல நின்றாள்.

வெனிலாவின் செல்போன் அடித்தது. அருண்தான்.

"எந்த ஹோமுல விட்ட? சொல்லுடி, இப்பவே போய் இட்டுக்கினு வர்றேன்!"

"ஹோமும் இல்ல, கீமும் இல்ல. நான் சாயந்தரம் வந்துடுவேன், அதுக்குள்ள மாமாவுக்குக் கூழ நீங்க காச்சிக் குடுங்க."

"எங்கம்மா எங்கடி?"

"படுக்கப் போறாங்க. பொம்பளைக்கு ஒடம்பு தேறணும்னா தாய் வீட்டுக்குத்தாங்க போவணும். அத்தைக்குத்தான் அம்மா இல்லியே... அதான், எங்கம்மாவக் குடுத்துட்டு வர்றேன்."