வெறும் நாலு

"நாலு. வெறும் நாலு! நாலு என்ன, கழுதையா குதிரையா?"

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். கூடத்தின் நீளம் நான்கரை மீட்டர். இது இருபத்தாறாவது நடை.

மனைவியின் வயிற்றில் ஒரு கட்டி. அதன் அளவு நான்காம். நான்குக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை, வெள்ளைக் காகிதம்.

நான்கு மில்லிமீட்டர் என்றால் மிளகு. டாக்டரே சிரித்து அனுப்பிவிடுவார். நான்கு சென்டிமீட்டர் என்றால் எலுமிச்சம்பழம். அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது. டாக்டரைப் பார்க்க நாளைக் காலை பத்து மணி ஆகும்.

நான் இயற்பியல் வாத்தியார். அலகு எழுதாத விடைக்கெல்லாம் இருபத்திரண்டு வருடமாக அரை மார்க் குறைத்து வருகிறேன். பையன்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரே 'அரை மார்க்'தான். வீட்டிலும் அதே கதை. கொஞ்சம் நகருங்க என்று அவள் சொன்னால், எவ்வளவு என்று கேட்பேன். கல்யாணமான புதிதில் ஒருநாள், உங்க மேல எனக்கு ரொம்பப் பிரியம் என்றாள். அதற்கும் வாயைத் திறக்கப் போனேன். அவள் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டேன்.

"வந்து சாப்பிடுங்க. ஒண்ணும் இருக்காது. எல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்."

காலையில் ரிப்போர்ட்டை வாங்கி வந்ததே அவள்தான். வந்ததிலிருந்து ஒரே நிதானம். சுட்டுவிரலில் பிளாஸ்திரி, காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டாளாம். கட்டி அவளுக்கு, நடை எனக்கு. நல்ல நியாயம்!

ஸ்கேன் சென்டருக்கு ஏழாவது தடவையாகப் போன் போட்டேன். ஒருவழியாக ஒரு பெண் எடுத்தாள். பிடிபிடியென்று பிடித்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன்கூடச் செய்யாத தப்பு, ஓர் அலகு எழுதத் துப்பில்லையா என்று கத்தினேன்.

அந்தப் பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எங்க கம்ப்யூட்டர்ல சென்டிமீட்டர்னு தெளிவா இருக்கே சார். உங்க காப்பியிலயும் அப்படித்தான் பிரிண்ட் ஆகியிருக்கும்."

என் கால் நின்றுவிட்டது.

ரிப்போர்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நான்குக்குப் பக்கத்தில் காகிதம் மெலிந்து நார் நாராக எழும்பியிருந்தது. பிளேடால் சுரண்டிய இடம். ஓரத்தில் கடுகளவு ரத்தக் கறை.

சென்டிமீட்டர் என்று இருந்தால் நான் இடிந்துபோவேன். அலகே இல்லையென்றால் சண்டைதான் போடுவேன். இது அவளுக்குத் தெரியும்.

"என்னவாம்?" சமையலறை வாசலில் நின்று கேட்டாள்.

"மில்லிமீட்டர்தானாம்."

"நான்தான் சொன்னேனே" என்று சிரித்தாள்.

சாப்பிட உட்கார்ந்தேன். உப்பு வேண்டுமா என்றாள்.

கொஞ்சம் என்றேன்.