ஆறு பூதங்கள் வேண்டும்

"ஐயோ, இவளா! இவ எனக்கு எதுக்கு?"

உறையைக் கிழித்த பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். கடை ஜன்னலோரம் பக்கத்து ஸ்டூலில் சோற்று உருண்டையைத் தின்றுகொண்டிருந்த கிதாசுமே, கடிப்பதை விட்டு எட்டிப் பார்த்தார். அவள் கையில் மின்னியது தங்கக் கவச வீராங்கனை அட்டை!

இரண்டு பாட்டில் தேநீர் வாங்கினால் புதிதாக வந்த ஒரு பூதப் படத்தின் அட்டை ஒன்று இலவசம் என்று கடையில் அறிவித்து மூன்று வாரம் ஆகிறது. அன்றிலிருந்து அவர் தேநீராகக் குடித்துத் தீர்த்தது இந்த வீராங்கனைக்காகத்தான். வயது நாற்பத்தைந்து, பிழைப்பு இன்சூரன்ஸ், கிறுக்கு மட்டும் பத்து வயசுக்காரனுடையது.

"மேடம், அது வேண்டாம்னா மாத்திக்கலாமா?"

"உங்ககிட்ட சேத்துப் பூதம் இருக்கா?"

"அதுவா? மூணு கிடக்கு. சீந்த ஆளில்லை."

அவள் முகம் மலர்ந்தது. "ஒண்ணு குடுங்க, போதும். அஞ்சு சேத்துட்டேன், ஆறு வேணும். மூணு மணிக்கு ஒரு கம்பெனியில ஆறு பேரைப் பாக்கப் போறேன். அவங்க சரின்னுட்டா புது வேலை. இல்லன்னா பழையபடி பார்சல் கிடங்குல பெட்டி தூக்கணும். இங்க அட்டையும் தீந்துபோச்சாம், நான் பிரிச்சதுதான் கடைசி."

"வேலை கேட்டுப் போற இடத்துல ஆளுக்கொரு பூதமா? நல்லா இருக்கு போங்க! வீராங்கனையைக் குடுத்தாலாவது மனசு இளகும்."

"பூதம்தான் சார் வேணும்."

கிதாசுமேவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அது படத்துல வர்றதே மூணு நிமிஷம். அந்த நடையைப் பாத்தீங்களா? வயித்தக் கலக்கினவன் கக்கூஸைத் தேடற மாதிரி!"

"அவ்வளவு மோசமா?"

"பின்னே? தியேட்டரே சிரிச்சுது." சொன்னவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. செத்து விழறதுக்கு முன்னாடி தன்னோட குளத்தை ஒரு தரம் திரும்பிப் பாக்குமே, அங்க மட்டும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். பாவம், வேலைக் கவலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"இந்தாங்க, மூணையும் வச்சுக்குங்க. ஒத்தைப் பூதத்துக்கு அவளை வாங்கிட்டா, எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

அட்டைகள் கை மாறின. வீராங்கனையைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. பெயர்கூடச் சொல்லாமல் இவ்வளவு கிண்டலடித்துவிட்டோமே! எழுந்து நின்று தன் விசிட்டிங் கார்டை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"கிதாசுமே. வேலை கிடைச்சதும் ஒரு பாலிசி போடணும்னா கூப்பிடுங்க."

அவளும் எழுந்து குனிந்து வாங்கிக்கொண்டாள். அந்த ஊர் வழக்கப்படி, கார்டு வாங்கினவர் தன்னுடையதையும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் மரியாதை இல்லை. வேலை தேடி அலைகிறவளிடம் கார்டு ஏது, இப்படிச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று கிதாசுமே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவளோ நிதானமாகப் பையைத் திறந்து, தன்னுடைய பழைய ஐந்து பூதங்களில் ஒன்றை எடுத்தாள். அதன் பின்பக்கம் ஒரு பெயரும் போன் நம்பரும் குண்டு குண்டாக எழுதப்பட்டிருந்தன. இரண்டு கைகளாலும் பிடித்து, இடுப்பு வளையக் குனிந்து நீட்டினாள்.

"ஹிரோகாவா தமாகி. அந்த நடைக்கு மன்னிச்சுக்குங்க சார், ரப்பர் உடுப்பு மட்டுமே முப்பது கிலோ. உள்ளே இருந்தது நான்தான்."