இன்கமிங் மட்டும்

“ஏம்மா, போன் வந்தா எடுக்கணும், அவ்வளவுதான். இங்கிருந்து யாருக்கும் போகக் கூடாது. அந்த மாதிரி ஒண்ணு குடு.”

மூக்கண்டப்பள்ளி செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்த மூன்று வருஷத்தில் வினோதா எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்திருக்கிறாள். இப்படிக் கேட்ட ஆளை இன்றுதான் பார்க்கிறாள்.

கேட்டவர் சென்னகிருஷ்ணன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலபுலன் உள்ளவர். போன் அவருக்கில்லை, இரண்டடி தள்ளி நின்ற மனைவி பூவம்மாளுக்கு. ஐம்பது வயதில் அந்த அம்மாவுக்கு இதுதான் முதல் போன்.

பூவம்மாளின் விரல் பெரிய திரை போன் ஒன்றின் மேல் போய் நின்றது. அதெல்லாம் உனக்கு எதுக்கு, பச்சை பட்டனை அமுக்கத் தெரிஞ்சா போதும் என்று சொல்லிவிட்டு, இருப்பதிலேயே சின்ன பட்டன் போனை எடுத்து வைத்தார் சென்னகிருஷ்ணன். அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

வினோதா பிளான்களை விளக்கினாள். எதைப் போட்டாலும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், இன்கமிங்குக்கு மட்டும் என்று தனியாக ஒன்றும் கிடையாது என்றாள்.

“அப்ப போகிற வழியைப் பூட்டிக் குடு. பூட்டலாம்னு பக்கத்து ஊர்ப் பையன் சொன்னான்.”

பூட்டலாம்தான். போனிலேயே அதற்கு வசதி இருக்கிறது, ரகசிய எண் போட்டுவிட்டால் யாரையும் கூப்பிட முடியாது. கடை முதலாளி கல்லாவில் இருந்தபடியே, ஆனை வாங்குகிறவர் அங்குசம் வேண்டாம் என்கிறாரே என்று சிரித்துப் பார்த்தார். சென்னகிருஷ்ணன் சிரிக்கவில்லை.

வினோதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான். அவள் வேலை முடிந்து வாசல்படி ஏறும்போதே போனுக்குக் கையை நீட்டுவான். யார் யார் கூப்பிட்டார்கள், இவள் யாரைக் கூப்பிட்டாள் என்று மேலிருந்து கீழ்வரை பார்த்த பிறகுதான் சோறு இறங்கும். எல்லா ஆம்பளையும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பூவம்மாளின் ஆதார் எண்ணைத் தட்டினாள்.

“வேற ஒரு நம்பர் சொல்லுங்க ஐயா. அதுக்கு இந்தப் புது நம்பரைப் போட்டு ஓடிபி மெசேஜ் வரும். அதைச் சொன்னாத்தான் அம்மா பேர்ல சிம் ஏறும். உங்க நம்பரையே குடுங்களேன்.”

“என்னுதுல கர்நாடகா டவர் புடிச்சிக்கும். மெசேஜ் வராது.”

அவர் வாய் மூடவில்லை, சட்டைப் பையில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல், நாலாக மடித்த துண்டுச் சீட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் ஒரு நம்பர் இருந்தது.

“இதைப் போடு. நீயே கூப்பிட்டு, இன்னார் பேர்ல சிம்னு சொல்லிக் கேளு. சொல்வாங்க.”

யாருடைய நம்பர் என்று அவள் கேட்பதற்குள் கடையை விட்டு இறங்கிவிட்டார். ரோட்டோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வினோதா கடை போனில் அந்த நம்பரை அழுத்தினாள். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் மெஷின் சத்தம். விஷயத்தைச் சொன்னதும், தெரியாதவர்களுக்கெல்லாம் ஓடிபி சொல்ல முடியாது என்று கறாராகப் பேசினாள்.

“பூவம்மாள்னு ஒரு அம்மா பேர்லங்க சிம்மு. தேன்கனிக்கோட்டைப் பக்கம்.”

அந்தப் பக்கம் ஒரு விசும்பல் கேட்டது. ஒவ்வொரு எண்ணாக, நடுநடுவே மூக்கை உறிஞ்சி, ஆறு எண்ணையும் சொன்னாள்.

வினோதா நிமிர்ந்தாள். பூவம்மாள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். பேசுறீங்களா என்று வினோதா கடை போனை நீட்டினாள். அந்த அம்மா பின்னால் நகர்ந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். லைன் கட்டாகிவிட்டது.

வினோதாவுக்குப் பாதி புரிந்தது, கோபம் இரட்டிப்பானது. பெற்ற மகளோடு பேசக்கூட இந்த மனுஷனுக்கு இப்படிப் பயப்பட வேண்டுமா? சிம்மைப் போட்டாள். வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, பட்டன் போனை அந்த அம்மாவின் கையில் வைத்து மூடினாள்.

“அம்மா, நான் இதைப் பூட்டலை. பூட்டிட்டேன்னு ஐயாகிட்ட சொல்லிடறேன். சாயந்திரத்துக்குள்ள லைன் வந்துடும். நீங்க உங்க பொண்ணைக் கூப்பிடுங்க.”

பூவம்மாள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“பூட்டிடு தாயி. என் கை சும்மா இருக்காது.”

“ஏம்மா இப்படிப் பயப்படுறீங்க?”

“பயமில்ல தாயி. சுகுணா வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டுப் போயி ரெண்டு வருஷம் ஆவுது. பங்காளிங்க சுத்தி நின்னு, முனீஸ்வரன் கோயில்ல அவரைச் சூடத்தை அணைக்க வெச்சாங்க. இந்த வூட்ல இருந்து ஒருத்தரும் அவளைக் கூப்பிட மாட்டோம்னு, என் உசுரு மேல சத்தியம். அன்னைக்கிருந்து அவருக்குச் சோறு சரியா இறங்கலை. ரெண்டு மாசமா ஒவ்வொரு கம்பெனி வாசலா நின்னு விசாரிச்சு, அவளுக்கே தெரியாம இந்த நம்பரைத் தேடிப் புடிச்சதும் அவருதான்.”

சொல்லிவிட்டு, ரோட்டோரம் தெரிந்த அந்த முதுகைப் பார்த்தாள் பூவம்மாள்.

“நாங்க கூப்பிட மாட்டோம்னுதான் சத்தியம் தாயி. அவ கூப்பிட்டா எடுக்க மாட்டோம்னு அவரு சொல்லலையே.”